சயான் நூறு

மஞ்சக்குப்பத்தில் எல்லா ஷட்டரும் இறங்கியபின்
பதினொன்று பத்துக்கு வந்தார் அஞ்சலாட்சி.
சதுர அடி பன்னிரண்டு ரூபாயைப்
பத்தாக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கட்சி அனுப்பிய பேனர் திரையில் தயார்:
"நாளைய கடலூர்."
கெடிலத்தின் மேல் கம்பிகள் விரித்த ஒரு பாலம்,
கரையெல்லாம் புல், புல்லில் ஒரு வெள்ளை நாய்.
"இது எந்த ஊரு தம்பி?"
நெட்டில் எடுத்தது, தெரியாது என்றேன்.
"நாய்க்கு நம்ம வெயில் ஒத்துக்காது. எடுத்துடு."
நாய் போனது. பாலமும் போனது.
முதுநகர் தொடங்கிச் செம்மண்டலம் வரை
மோனோ ரயில் என்றிருந்த வரி
பேக்ஸ்பேஸில் பெட்டி பெட்டியாய்ப் போனது.
சிப்காட் காற்று மணக்கும் என்ற இடத்தில் மட்டும்
கொஞ்சம் நின்றார்.
"மணக்கும்னு போடாத. கணக்குக் கேப்பேன்னு போடு."

முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீஸ் சர்வேயர்.
சங்கிலி பிடித்து இந்த ஊரை நடந்தே அளந்தவர்.
மேயராக வேண்டுமென்றால் முதலில் வார்டில் ஜெயிக்க வேண்டும்,
வார்டில் ஜெயிக்க ஏதாவது தர வேண்டும்.
அவர் பையிலிருந்து எடுத்துத் தந்தது
நாலாய் மடித்த டிரேசிங் தாள்.
ஊர் பென்சிலில்,
தண்ணீர் நீல மையில்.

"நாளுக்கு நாள் வீடு ஏறுது.
ரோடு போட்டவன் இருக்கான், லைட்டு போட்டவன் இருக்கான்,
மழை எந்தப் பக்கம் போவும்னு ஒருத்தனும் கேக்கல.
அதுக்கு வழிய விட்டுட்டு
மிச்சத்துல ஊரு கட்டணும். அவ்வளவுதான்,
வேற வாக்குறுதி இல்ல."

ஸ்கேன் செய்து கோட்டை வரைந்தேன்.
சயான் நூறு, மெஜந்தா நாற்பது.
ஏரிக் கலிங்கில் பிறந்து,
கல்யாண மண்டபத்தின் பந்தி நடக்கும் கூடம்,
ஒரு பெட்ரோல் பங்க்,
அவர் கட்சி வட்டச் செயலாளர் எழுப்பும் மூன்று மாடி,
பிறகு வலப்பக்கம் திரும்பி
லேக் வியூ அவென்யூ, மனை எண் முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு என்னுடையது.
வாங்கும்போது லேக் எங்கே என்று கேட்டேன்.
புரோக்கர் சிரித்தார்.
அதில்தான் நின்றுகொண்டிருந்தோம்.
பதினேழு வருஷத் தவணையில் நாலு முடிந்திருக்கிறது.
குளியலறைக்கு இன்னும் கதவு வாங்கவில்லை,
குமுதவல்லியின் பழைய புடவை தொங்குகிறது.

அவர் போன் பேச வெளியே போனார்.
கோட்டில் ஒரு புள்ளியைப் பிடித்து
இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினேன்.
பக்கத்து மனை ஜெபமாலை சாரின் சமையல்கட்டில் விழுந்தது.
இன்னும் இரண்டு. அங்கன்வாடி.
இடப்பக்கம் இழுத்தேன்.
எங்கே வைத்தாலும்
யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார்,
அப்புறம் என்னை.
"அங்க நான் வளைக்கலையே.
எத்தனாம் நம்பர்?"
சொன்னேன்.
ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
பாலம் இருந்த இடத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்:
கோட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும்
நானே வந்து பேசுவேன்.
எழுத்து எவ்வளவு பெரிசு என்றேன்.
"என் பேரை விடச் சின்னதா வேணாம்."

"இதக் கட்டினா தோத்துடுவீங்க மேடம்."
"தெரியும். எத்தனை ஓட்டுலன்னு அளந்து பாக்கணும்."

கன்ட்ரோல் இசட், மூன்று முறை.
கோடு என் சுவருக்குத் திரும்பியது.
மெஷின் இடமும் வலமுமாய் ஓடத் தொடங்கியது.
விடிய விடிய அடித்தேன்.
பத்து ரூபாய்க்குத்தான்.

காலை ஆறே முக்காலுக்கு
எங்கள் கேட்டைத் தட்டும் சத்தம்.
கோட்டில் முதல் வீடு எங்களுடையது இல்லை.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
கையில் டேப், சுவரோரமாய்
அடி வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.
புடவைக்குப் பின்னாலிருந்து
வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே
குமுதவல்லி கேட்டாள்,
யாருங்க அது.